ஸ்லாஷரின் ஸ்லிப் கிளட்ச்: நட்டை இறுக்குவதற்கு முன்

தென்னந்தோப்பிலும் வாழைத் தோட்டத்திலும் களை வெட்ட ஆள் கிடைப்பது அரிதான பிறகு, களக்காடு, நாங்குநேரி, வள்ளியூர் வட்டாரத்தில் டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் ஸ்லாஷரின் பயன்பாடு பெருகியிருக்கிறது. அதோடு சேர்ந்து, உடைந்த கிராஸ்களும் (ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் சிலுவை வடிவப் பாகம்), முறுக்கிக்கொண்ட பி.டி.ஓ. ஷாஃப்ட்டுகளும் (டிராக்டரின் விசையைக் கருவிக்குக் கடத்தும் தண்டு), பல் சிதைந்த கியர் பாக்ஸ்களும் பட்டறைகளுக்கு வருவதும் பெருகியிருக்கிறது. நான் அவிழ்த்துப் பார்த்தவற்றுள் பெரும்பாலானவற்றில், உடைந்த பாகம் தரக்குறைவானதாக இருக்கவில்லை. அதைக் காக்க வேண்டிய ஸ்லிப் கிளட்ச், நழுவ வேண்டிய நேரத்தில் நழுவாமல் இருந்திருக்கிறது. சொந்தத் தோப்பில் ஸ்லாஷர் ஓட்டுபவன் என்ற முறையிலும், அக்கம்பக்கத்தார் கொண்டுவரும் கிளட்சுகளைப் பிரித்துச் சரிசெய்து கொடுப்பவன் என்ற முறையிலும் இந்தப் பாகத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அது செய்யும் வேலை. பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுழல்கிறது. கியர் பாக்ஸ் அந்த வேகத்தைக் கூட்டி, கீழே படுக்கையாகச் சுழலும் பிளேடுகளுக்குக் கொடுக்கிறது. பிளேடின் முனை, பல இயந்திரங்களில், நொடிக்கு 60 முதல் 80 மீட்டர் வேகத்தில் செல்லும். அந்த வேகத்தில் ஓடும் கனமான இரும்பு, புல்லுக்குள் மறைந்து கிடக்கும் உடைமரத்து அடிக்கட்டையிலோ, பாதி புதைந்த எல்லைக்கல்லிலோ மோதினால், முதலில் கீல் போலப் பொருத்தப்பட்ட பிளேடு பின்னுக்கு மடங்கி அடியின் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். அதற்கும் மிஞ்சிய அடி ஷாஃப்ட் வழியாக மேலேறி டிராக்டரை நோக்கி வரும். அதை வழியிலேயே தடுத்து, தகடுகளுக்கு இடையே நழுவவிட்டுச் சூடாக மாற்றுவதுதான் ஸ்லிப் கிளட்சின் வேலை. அதனால்தான் அது பெரும்பாலும் ஷாஃப்ட்டின் ஸ்லாஷர் முனையில், கியர் பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டை ஒட்டிப் பொருத்தப்பட்டிருக்கும்.

அதன் அமைப்பு எளியது. ஷாஃப்ட்டின் முனைக் கவையான யோக்கோடு சேர்ந்த ஒரு தகடு, அதன்மேல் ஒரு லைனிங் (உராய்ந்து பிடிக்கும் வளையம்), அதன்மேல் கியர் பாக்ஸ் தண்டில் அமரும் ஹப்பின் தகடு, மீண்டும் ஒரு லைனிங், கடைசியில் அழுத்தத் தகடு. இவை அனைத்தையும் சுற்றிலும் போல்ட்டுகள் கோத்து, ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு சுருள் ஸ்பிரிங் அழுத்திப் பிடிக்கிறது. எட்டு ஸ்பிரிங் உள்ளவையும் உண்டு, ஆறு உள்ளவையும் உண்டு. பெரிய இயந்திரங்களில் நான்கு லைனிங்கோடு வருபவையும் உண்டு. சில வகைகளில் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ஒரே பெரிய தட்டு ஸ்பிரிங் இருக்கும். எதுவாயினும், எவ்வளவு விசைக்கு மேல் நழுவ வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை நான்கே: ஸ்பிரிங்கின் அழுத்தம், லைனிங்கின் பிடிப்புத் தன்மை, தகட்டின் விட்டம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. கடைசி இரண்டும் மாறுவதில்லை. முதல் இரண்டும்தான் நம் கையிலும், மழையின் கையிலும் இருக்கின்றன.

மழையைச் சொல்லக் காரணம் உண்டு. நம் பக்கத்தில் ஸ்லாஷருக்கு வேலை தொடர்ச்சியாக இருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் தோப்புக்குள் டிராக்டர் இறங்க முடியாது. மார்கழி, தை மாதங்களில் இடுப்பளவு வளர்ந்த களையை வெட்டி முடித்தால், அடுத்த வேலை வரும்வரை ஸ்லாஷர் ஓலைக்கொட்டகையின் ஓரத்திலோ வேப்பமரத்தடியிலோ நிற்கும். மலையடிவாரத்தில் ஆனி, ஆடியில் சாரல் வேறு விழும். திசையன்விளை, உவரிப் பக்கம் என்றால் கடற்காற்றின் உப்பும் சேரும். லைனிங் ஈரத்தை உறிஞ்சும் பொருள். அதை அழுத்திக்கொண்டிருப்பது மூடப்படாத இரும்புத் தகடு. சில மாதங்கள் இப்படி நின்றால் துரு லைனிங்கின் நுண்துளைகளுக்குள் ஏறி இரண்டையும் ஒட்டவைத்துவிடுகிறது. வெளியே பார்த்தால் கிளட்ச் கிளட்சாகவே இருக்கும். உள்ளே அது ஒற்றைக் கட்டி இரும்பு.

அப்படி ஒட்டிப்போன கிளட்சோடு வேலையைத் தொடங்கினால் எந்த அறிகுறியும் தெரியாது என்பதுதான் இதில் மோசமான விஷயம். சொல்லப்போனால் இயந்திரம் முன்பைவிட நன்றாக ஓடுவதாகத் தோன்றும். எவ்வளவு அடர்ந்த களையிலும் பிளேடு தளராது. முதல் அடிக்கட்டை வரும்போதுதான் கணக்குத் தீர்க்கப்படுகிறது. கிராஸ் உடைந்தால் அது அதிர்ஷ்டம். அரை நாள் வேலையோடு போகும். கியர் பாக்ஸின் உள்ளீட்டுத் தண்டு போனாலோ, டிராக்டரின் பி.டி.ஓ. தண்டே முறுக்கிக்கொண்டாலோ, செலவு ஸ்லாஷரின் விலையை நெருங்கத் தொடங்கிவிடும்.

எனவே ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும், நெடுநாள் நின்றுவிட்டு மறுபடி எடுக்கும் ஒவ்வொரு முறையும், கிளட்சை ஒருமுறை வேண்டுமென்றே நழுவவிட்டுப் பார்க்க வேண்டும். இதை வெளிநாட்டு நிறுவனங்களின் கையேடுகள் தெளிவாகவே சொல்கின்றன. ஆனால் அவை பனிக்காலத்தில் கருவியை அடுக்கிவைப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. நமக்குப் பனிக்குப் பதில் மழை. செய்முறை ஒன்றே.

டிராக்டரை அணைத்து, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, ஸ்லாஷரை மேடு பள்ளமற்ற, கல் இல்லாத தரையில் பிளேடு தரையைத் தொடாத உயரத்தில் இறக்கி நிறுத்துங்கள். கிளட்சின் விளிம்பில், எல்லாத் தகடுகளையும் லைனிங்குகளையும் கடந்து செல்லும்படி, சாக்பீஸாலோ ஆணியாலோ நேர்க்கோடு ஒன்று கீறுங்கள். பிறகு ஒவ்வொரு ஸ்பிரிங்கின் நீளத்தையும் வெர்னியரால் அளந்து எழுதிக்கொண்டு, எல்லா நட்டுகளையும் சரியாக இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். ஒன்றை இரண்டும் இன்னொன்றை இரண்டரையும் தளர்த்துவது கூடாது. ஷாஃப்ட்டின் மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, சுற்றிலும் ஒருவரும் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, இருக்கையில் அமர்ந்து எஞ்சினை இயக்கி, பி.டி.ஓ.வை இரண்டு மூன்று நொடி மட்டும் போட்டு எடுங்கள். சிறிது இடைவெளி விட்டு மறுபடி ஒருமுறை. தளர்ந்த ஸ்பிரிங்கால் நின்றுகிடக்கும் பிளேடின் பளுவை உடனே இழுக்க முடியாது. தகடுகள் நழுவும், லேசான புகையோ வாடையோ வரலாம். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்து, பிளேடு முழுவதும் நின்ற பின் இறங்கிப் பார்த்தால், கீறிய கோடு துண்டு துண்டாக விலகியிருக்க வேண்டும். விலகியிருந்தால், துருவும் படலமும் தேய்ந்து போயின என்று பொருள். சூடு ஆறியதும் நட்டுகளை அதே இரண்டு சுற்று இறுக்கி, ஸ்பிரிங்கின் நீளம் எழுதிவைத்த அளவுக்கு வந்துவிட்டதா என்று சரிபார்த்தால் வேலை முடிந்தது. ஸ்பேனரை எடுத்துத் திரும்ப வைக்க அரை மணி நேரம் ஆகாது.

கோடு நேராகவே நின்றால் கிளட்ச் ஒட்டிப்போயிருக்கிறது. பிரித்தே ஆக வேண்டும். இன்னும் கொஞ்சம் தளர்த்தி, எஞ்சினைக் கூட்டி, அதிர்ச்சி கொடுத்துப் பிரித்துவிடலாம் என்று முயல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அதிர்ச்சி முழுவதும் கிராஸுக்கும் தண்டுக்கும்தான் போகிறது.

இரண்டு மூன்று நொடி என்று சொன்னதை யாரும் பத்து நொடி என்று நீட்டிவிட வேண்டாம். பி.டி.ஓ.வில் 40 குதிரைத் திறன் கிடைக்கும் டிராக்டரை எடுத்துக்கொள்வோம். அது ஏறக்குறைய 30 கிலோவாட். 540 சுற்றில் அதன் திருகு விசை 530 நியூட்டன் மீட்டர் அளவுக்கு வரும். பிளேடு சிக்கி நின்றுவிட, கிளட்ச் முழு விசையில் அரை நிமிடம் நழுவிக்கொண்டே இருந்தால், அதில் பிறக்கும் சூடு 900 கிலோஜூல். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மூன்று லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அந்தச் சூடு போதும். அது முழுவதும் உள்ளங்கை இரண்டின் அகலமே உள்ள லைனிங்குகளுக்கு இடையில் தங்குகிறது. லைனிங்கின் மேற்பரப்பு கண்ணாடி போல மினுங்கி, பிடிப்பு போய்விடும். தகடு நீலம் பாரித்து வளைந்துவிடும். ஸ்பிரிங் தன் விறைப்பை இழக்கும். ஆகவே ஓட்டும்போது கருகிய வாடையோ, எஞ்சின் ஓடியும் பிளேடு நிற்கும் சத்தமோ தெரிந்தால், பி.டி.ஓ.வை எடுப்பதற்கு யோசிக்கவே கூடாது. தென்னை மட்டை சிக்கியிருக்கிறதா, சொட்டுநீர்க் குழாய் சுற்றியிருக்கிறதா என்பதை எஞ்சினை அணைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இனி, எனக்கு அதிக எரிச்சல் ஊட்டும் விஷயத்துக்கு வருகிறேன். “அண்ணாச்சி, புல்லு கொஞ்சம் அடர்த்தியா வந்தா பிளேடு நின்னு போவுது. நட்டை ரெண்டு சுத்து இறுக்கிட்டேன், இப்பம் நல்லா ஓடுதுல்லா” என்று சொல்லிக்கொண்டு வருபவர்கள் பலர். கிளட்ச் நழுவுகிறது என்றால் இறுக்க வேண்டும் என்பது பார்வைக்கு நியாயமான முடிவுதான். ஆனால் அந்தக் கிளட்ச் ஏன் நழுவியது என்ற கேள்வியை அது கேட்கவே விடுவதில்லை.

காரணம் பல நேரங்களில் கிளட்சில் இருப்பதே இல்லை. முதலில் பிளேடைப் பாருங்கள். முனை மழுங்கிய பிளேடு புல்லை வெட்டுவதில்லை, அடித்துக் கிழிக்கிறது. அதற்குத் தேவைப்படும் விசை கூடுகிறது. தேரி மண் உள்ள இடங்களில் மணல் பிளேடை விரைவாகவே தேய்த்துவிடும். இராதாபுரம் பக்கத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அடுத்து, வெட்டும் உயரம். தரையை ஒட்ட வெட்டினால்தான் வேலை சுத்தம் என்று நினைத்து, ஸ்லாஷரைத் தாழ்த்தி, வரப்பையும் கரையான் புற்றையும் சீவிக்கொண்டு போகிறவர்கள், மண்ணை வெட்டும் வேலையையும் கிளட்சின் தலையில் வைக்கிறார்கள். மூன்றாவது, டிராக்டரின் வேகம். இடுப்பளவு களைக்குள் தாழ்ந்த கியரில்தான் போக வேண்டும். தேவையானால் முதலில் உயர்த்தி ஒருமுறை, பிறகு தாழ்த்தி ஒருமுறை என்று இரண்டு முறையாக வெட்டலாம். நான்காவது, பி.டி.ஓ.வைப் போடும் முறை. எஞ்சினை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு பி.டி.ஓ.வைச் சட்டென்று போடும் ஒவ்வொரு முறையும் கிளட்ச் நழுவித்தான் பிளேடைச் சுழல வைக்கிறது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது போட்டு, பிளேடு சுழலத் தொடங்கிய பிறகு வேகத்தைக் கூட்டினால் இந்தத் தேய்மானம் ஏறக்குறைய இல்லாமலே போகும்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் நழுவினால், அப்போது ஸ்பிரிங்கை அளக்கலாம். லைனிங் தேயத் தேயத் தகடுகள் நெருங்கும், ஸ்பிரிங் அந்த அளவுக்கு நீளும், அழுத்தம் குறையும். இந்தக் குறையை ஈடுகட்ட, நட்டை இறுக்கி ஸ்பிரிங்கைக் கையேட்டில் சொன்ன நீளத்துக்குக் கொண்டுவருவது முற்றிலும் சரியான வேலை. அளவில்லாமல் இறுக்குவதுதான் தவறு. ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும்வரை இறுக்கிவிட்டால், அது ஸ்பிரிங்காக இருப்பதை நிறுத்திவிட்டு வெறும் வாஷராகிவிடும். அதற்குப் பிறகு எந்த அடிக்கட்டைக்கும் அந்தக் கிளட்ச் நழுவாது. துருப்பிடித்து ஒட்டிய கிளட்சுக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றுமில்லை. கையேடு தொலைந்துபோயிருந்தால், அதே மாதிரியைப் புதிதாக வாங்கியவரிடம் போய் அளந்து எழுதிக்கொண்டு வருவது நல்லது. பட்டறையில் கையழுத்தத்தை வைத்துச் சொல்லும் மதிப்பை நான் ஏற்பதில்லை.

பிரிக்கும் வேலையைப் பற்றிச் சில சொற்கள். ஸ்லாஷரைத் தரையில் முழுவதும் இறக்கி, கட்டை கொடுத்து, ஷாஃப்ட்டைக் கழற்றித் தனியே மேசைமேல் வைத்துக்கொண்டு செய்வதே நலம். நட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்த வேண்டும். ஒரு பக்கத்தை முழுவதும் கழற்றிவிட்டு மறுபக்கம் போனால் அழுத்தத் தகடு சாய்ந்து போல்ட்டைக் கவ்வும். தகடுகள் எந்த வரிசையில், எந்த முகம் எந்தப் பக்கம் என்று இருந்தன என்பதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டிப்போன தகடுகளை மரச்சுத்தியலால் விளிம்பைச் சுற்றித் தட்டிப் பிரிக்கலாம். மெல்லிய உளியைக் கொடுத்து நெம்பினால் லைனிங் உடையும். வெல்டிங் தீயைக் காட்டுவதும், டீசலில் ஊறவைப்பதும் அறவே கூடாது. டீசலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறிய லைனிங் அதன் பிறகு பிடிக்காது. பார்ப்பதற்குப் புதிது போலத் தெரிந்தாலும் தூக்கி எறிய வேண்டியதுதான்.

பிரித்தவுடன் காற்றுக்குழாயை எடுத்துத் தூசியை ஊதும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோய்விடும் என்பது மருத்துவம் உறுதிசெய்த செய்தி. ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பைக்குள் கட்டிப் போட்டுவிடுங்கள். குழந்தைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்க்கும் இடத்தில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

லைனிங்கின் தடிமனை நான்கு இடங்களில் அளந்து பார்க்க வேண்டும். புதிதில் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் இருப்பவை பல. அவை பாதியளவுக்குத் தேய்ந்துவிட்டால் நான் மாற்றிவிடுவேன். எந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்பதை உற்பத்தியாளர் சொல்லியிருந்தால் அதுவே முடிவு. தடிமன் போதுமானதாக இருந்து, மேற்பரப்பு மட்டும் மினுங்கினால், தட்டையான கண்ணாடியின் மேல் உப்புத்தாளை விரித்து, லைனிங்கை வட்டமாகத் தேய்த்து மங்கலாக்கினால் மறுபடி பயன்படும். விரிசல், கருகிய ஓரம், எண்ணெய்க் கறை ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் மாற்றுவதே முறை. இரண்டு லைனிங்குகளில் ஒன்றை மட்டும் மாற்றுவதில் பொருளில்லை.

எண்ணெய்க் கறையைப் பார்த்தால் லைனிங்கை மாற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். அந்த எண்ணெய் கியர் பாக்ஸின் உள்ளீட்டு ஆயில் சீலிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். சீலை மாற்றாமல் புதிய லைனிங்கைப் போட்டால், அடுத்த பருவத்துக்குள் அதுவும் ஊறிவிடும். இன்னொரு காரணம் நம் கைகளே: கிரீஸ் கன்னை எடுத்தால் கண்ணில் பட்ட இடத்துக்கெல்லாம் அடிப்பது. கிராஸ் நிப்பிளுக்கும், ஒன்றுக்குள் ஒன்று நகரும் குழாய்களுக்கும் கிரீஸ் வேண்டும். கிளட்சை ஒட்டிய கிராஸுக்கு அடிக்கும்போது பிதுங்கி வழிவதைத் துணியால் துடைத்துவிட வேண்டும். லைனிங்கின் பக்கம் ஒரு துளியும் போகக் கூடாது.

இரும்புத் தகடுகளைக் கம்பி பிரஷ்ஷாலும் எமரித் தாளாலும் துரு நீங்கத் தேய்த்து, இரும்பு ஸ்கேலை விளிம்பில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் கசிந்தால் தகடு வளைந்திருக்கிறது. லேசான வளைவையும் பள்ளங்களையும் லேத் பட்டறையில் மெல்லிதாகக் கடைந்து சரிசெய்யலாம். அதிகம் கடைந்தால் தகடு மெலிந்து அடுத்த சூட்டில் இன்னும் எளிதாக வளையும். நீலம் பாரித்த தகட்டைக் கடைவதற்குக் கொடுக்கும் கூலி வீண் என்பது என் கருத்து. ஸ்பிரிங்குகளை வரிசையாக நிறுத்தினால் உயரம் குறைந்தவை உடனே தெரியும். ஒன்றிரண்டு குட்டையாகிவிட்டால் முழுத் தொகுதியையும் மாற்றுங்கள்; பழையதும் புதியதும் கலந்தால் அழுத்தம் ஒரு பக்கமாகச் சாயும்.

அசல் லைனிங் கிடைக்கவில்லை என்று பிரேக் லைனிங் ஷீட்டை வட்டமாக வெட்டிப் போடுவது நம் பட்டறைகளில் வழக்கம். அவசரத்துக்கு அது ஓடும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த ஷீட்டின் பிடிப்பு அசலினுடையது அன்று. ஸ்பிரிங்கின் நீளம் கையேட்டின்படி இருந்தாலும், நழுவும் விசை வேறாகிவிடும். கூடுதலாகப் பிடிக்கும் ஷீட்டாக இருந்தால், எல்லா அளவும் சரியாக இருக்க, பாதுகாப்பு மட்டும் காணாமல் போயிருக்கும். அளவையும் தடிமனையும் சொல்லி, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்து உதிரிபாகக் கடைகளில் வரவழைக்கச் சொன்னால், சற்றுக் காத்திருந்தாலும் சரியானதை வாங்கிவிடலாம். பருவம் தொடங்கும் முன்பே பிரித்துப் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிறிய ஸ்லாஷர்களில் ஸ்லிப் கிளட்ச் இருக்காது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு ஷியர் போல்ட் இருக்கும். பளு மிஞ்சினால் அது அறுந்து இயந்திரத்தைக் காக்கும். இங்கே நடக்கும் தவறு கடைத்தெருவில் தொடங்குகிறது. அடிக்கடி அறுகிறதே என்று ஹைடென்சில் போல்ட்டாகக் கேட்டு வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். போல்ட்டின் தலையில் 4.6 என்று இருந்தால் அதன் இழுவலிமை 400 மெகாபாஸ்கல்; 8.8 என்று இருந்தால் 800. அதாவது ஏறக்குறைய இரண்டு மடங்கு அடி வாங்கிய பிறகே அது அறும். அதற்குள் கியர் பாக்ஸ் போய்விடும். கையேடு சொல்லும் தர எண்ணை விட்டு நகரவே கூடாது. அறுவதற்கென்றே போட்ட போல்ட் அது. ஒரு டஜன் வாங்கி டூல் பாக்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்லிப் கிளட்சையும் ஒருவழி கிளட்சையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டபுள் கிளட்ச் (சக்கரத்துக்கும் பி.டி.ஓ.வுக்கும் தனித்தனிக் கிளட்ச்) இல்லாத பழைய டிராக்டர்களில், காலால் கிளட்சை மிதித்தாலும், சுழன்றுகொண்டிருக்கும் பிளேடின் வேகம் பி.டி.ஓ. வழியாக கியருக்குள் புகுந்து டிராக்டரை முன்னோக்கித் தள்ளிக்கொண்டே போகும். குளத்துக்கரையிலும் கிணற்று மேட்டிலும் வெட்டுகிறவர்களுக்கு இது உயிர் போகும் விஷயம். அதைத் தடுப்பது ஒருவழி கிளட்ச். ஸ்லிப் கிளட்ச் அந்த வேலையைச் செய்யாது. இரண்டும் ஒரே ஷாஃப்ட்டில் இருக்கலாம். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று ஆகிவிடாது.

உடையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கைலியும் தோளில் துண்டுமாக ஷாஃப்ட் அருகே குனிந்து நிற்பது நம் ஊரில் சாதாரணக் காட்சி. 540 சுற்று என்பது நொடிக்கு ஒன்பது சுற்று. துண்டின் நுனி சிக்கினால் கையை எடுக்கும் நேரம்கூடக் கிடைக்காது. கிளட்சை மூடும் பிளாஸ்டிக் அல்லது தகர மறைப்பை, அடிக்கடி பார்க்க வசதி என்று கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுகிறவர்கள், அந்த வசதியைக் கைவிட வேண்டும். ஸ்லாஷரின் முன்னும் பின்னும் தொங்கும் சங்கிலிகளும் அப்படியே. அவை இல்லாவிட்டால் பிளேடில் பட்ட கல் வயலைக் கடந்து பறக்கும்.

மழைக்கு முன் நிறுத்தும்போது நான் இரண்டு வேலைகள் செய்கிறேன். கிளட்சில் ஒட்டியிருக்கும் புல்லையும் மண்ணையும் உலர்ந்த பிரஷ்ஷால் நீக்கிவிட்டு, நட்டுகளைத் தளர்த்தி ஸ்பிரிங்கின் அழுத்தத்தை எடுத்துவிடுகிறேன். லைனிங் தகட்டோடு அழுந்திக் கிடக்காததால் ஒட்டுவது வெகுவாகக் குறைகிறது. அடுத்து, எத்தனை சுற்றுத் தளர்த்தினேன், ஸ்பிரிங் எந்த நீளத்தில் இருக்க வேண்டும் என்பதை ஒரு அட்டையில் எழுதி, ஷாஃப்ட்டிலேயே கம்பியால் கட்டிவிடுகிறேன். அந்த அட்டை இல்லாமல் தளர்த்திவைப்பது ஆபத்து. வேறொருவர் வந்து மாட்டி ஓட்டினால் பத்து நிமிடத்தில் லைனிங் கருகிவிடும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுவதைக் கிளட்ச் பக்கம் தவிர்த்துவிடுங்கள். தார்ப்பாயால் இறுக்கிக் கட்டி மூடுவதும் நல்லதன்று. உள்ளே ஈரம் வியர்த்து நிற்கும். மேலே கூரை, பக்கத்தில் காற்று, இவை இருந்தால் போதும்.

பழைய ஸ்லாஷர் வாங்கப் போகிறவர்கள் பிளேடையும் பெயின்டையும் பார்ப்பதோடு நிற்காமல், கையோடு ஒரு வெர்னியரும் ஒரு சாக்பீஸும் எடுத்துப் போங்கள். ஸ்பிரிங்குகளின் நீளம் எல்லாம் ஒன்றாக இருக்கிறதா, சுருள்களுக்கு இடையே வெளிச்சம் தெரிகிறதா, நட்டுகளின் முனை ஸ்பேனர் நழுவி மழுங்கியிருக்கிறதா, தகட்டின் ஓரம் நீலமாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கோடு கீறி, விற்பவரைக் கொண்டே நட்டைத் தளர்த்தச் சொல்லி, நழுவவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால், புதிய லைனிங், ஸ்பிரிங், ஒரு கிராஸ் ஆகியவற்றின் விலையைக் கழித்துக்கொண்டுதான் பேரத்தைத் தொடங்க வேண்டும்.